ஒரு நிமிடம் ஐம்பது விநாடி

கல்யாண வீடியோ எடிட் செய்து பிழைக்கிறவன் நான். பாகூரில் ஓர் உரக்கடைக்கு மேலே என் அறை. பதினான்கு வருடமாக இதே வேலைதான் என்றாலும், வெட்டி ஒட்டியதை ஒரே படமாக்குகிற ரெண்டரைப் போட்டுவிட்டால் இன்றைக்கும் என்னால் நாற்காலியில் உட்கார முடியாது. திரையில் அந்தக் கோடு நகர்ந்து முடிகிற வரை ஜன்னலுக்கும் கதவுக்கும் நடந்துகொண்டிருப்பேன். கரண்ட் போய்விடுமோ, ஹார்ட் டிஸ்க் காலை வாரிவிடுமோ, தாலி கட்டுகிற இடத்தில் பார்த்துப் படம் கட்டம் கட்டமாக உடைந்திருக்குமோ என்றுதான் நினைப்பு ஓடும். முடிந்த பிறகு முதலிலிருந்து கடைசி வரை ஒருமுறை ஓட்டிப் பார்ப்பேன். கெட்டிமேளம் சரியாக விழுகிறதா, யார் முகமாவது பாதியில் நின்றுவிட்டதா என்று பார்த்தால்தான் சோறு இறங்கும். என் மனைவி இதை வியாதி என்கிறாள். எனக்கும் மறுப்பில்லை.

ஆனால் எத்தனை முறை ஓட்டிப் பார்த்தாலும் சரியாக வந்திருக்கிறதா இல்லையா என்று எனக்கே தெரியாத ஒரு வீடியோ போன வருடம் என்னிடம் வந்தது. அது ஒரு நிமிடம் ஐம்பது விநாடி ஓடும். அதைப் போல எதுவும் என்னைப் பாடாய்ப் படுத்தியதில்லை.

கொண்டுவந்தவர் ஏம்பலத்துக்காரர். நெல்லும் கரும்பும் போடுகிறவர், ஐம்பதைத் தாண்டியவர், கோபக்காரர் என்று பெயர். அவர் வீட்டு விசேஷங்களுக்கு நான்தான் எடிட்டர். இந்த முறை அவருடைய அக்கா மகளுக்குக் கல்யாணம். பெண்ணுக்கு அப்பா சின்ன வயதிலேயே போய்விட்டார். அம்மா, அதாவது இவருடைய அக்கா, ஆறு மாதத்துக்கு முன்னால் ஆஸ்பத்திரியில் இறந்துபோனார். அந்த அம்மாவுக்குப் பிறவியிலிருந்தே காது கேட்காது, பேச்சும் வராது. மகளுக்கும் அப்படியே. ஆக, கல்யாணத்துக்கு எல்லாமே தாய்மாமன்தான்.

எங்கள் பக்கம் இப்போது எல்.இ.டி. திரை இல்லாத வரவேற்பு கிடையாது. அப்பாவோ அம்மாவோ இறந்துபோயிருந்தால், பெண்ணும் மாப்பிள்ளையும் மேடை ஏறியதும் முதலில் அவர்கள் படம்தான் திரையில் வர வேண்டும். சுற்றிலும் பூ, மேலேயிருந்து ஒரு வெளிச்சம், பின்னால் மனதை உருக்குகிற ஒரு பாட்டு. அதற்கென்றே என்னிடம் நாலைந்து டிசைன் தயாராக இருக்கிறது. மாமா போட்டோ கொடுத்திருந்தார். பெண்தான் போட்டோ வேண்டாம், வீடியோ போட வேண்டும் என்று பிடிவாதமாக நின்றிருக்கிறாள். ஆஸ்பத்திரிக் கட்டிலில் அம்மா அவளைப் பார்த்துக் கையால் பேசுவதை அவளே தன் போனில் எடுத்தது.

மாமாவுக்கு அரைமனதுதான். “ஓடட்டும் தம்பி. ஆனா ஆஸ்பத்திரி தெரியக் கூடாது. கையில ட்ரிப்ஸ் ஏறுறது தெரியவே கூடாது. நல்ல காரியத்துல இன்னாத்துக்கு அதெல்லாம்” என்றார். அவர் சொன்னதில் எனக்கும் தப்புத் தெரியவில்லை.

பெண் அந்த வீடியோவை வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தாள். வாட்ஸ்அப் எந்த வீடியோவையும் பிழிந்து சக்கையாக்கித்தான் கொடுக்கும். அது தெரிந்தும் நான் அசல் ஃபைலைக் கேட்கவில்லை. பூவும் வெளிச்சமும் போட்டால் யாருக்குத் தெரியப்போகிறது என்று இருந்துவிட்டேன். வழக்கமாகச் செய்வதையே செய்தேன். படத்தைப் பெரிதாக்கி முகத்துக்குக் கொண்டுபோனேன், இடது கையும் ட்ரிப்ஸ் குழாயும் வெளியே போயின. புள்ளி புள்ளியாக இருந்ததைத் தேய்த்து வழவழப்பாக்கினேன். ஓட்டத்தைப் பாதியாகக் குறைத்து ஸ்லோ மோஷன் ஆக்கினேன். கடைசி மூன்று விநாடியில் அந்த அம்மா கையைக் கேமராவை நோக்கி நீட்டுகிறார். போதும் நிறுத்து என்கிறார் என்று அதை வெட்டிவிட்டேன். எந்த எடிட்டரும் கண்ணை மூடிக்கொண்டு வெட்டுகிற இடம் அது. பாட்டைப் போட்டு மாமாவுக்குக் காட்டினேன். துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பதினான்கு வருட அனுபவம் சும்மாவா என்று எனக்கு நானே முதுகில் தட்டிக்கொண்டேன்.

மறுநாள் காலை பெண் ஸ்கூட்டியில் வந்தாள். தான் யார் என்பதை எனக்குப் போனில் தட்டிக் காட்டிவிட்டு உட்கார்ந்தாள். வீடியோவைப் போட்டேன். அழுவாள் என்று எதிர்பார்த்துத் தண்ணீர் பாட்டிலைக்கூடப் பக்கத்தில் நகர்த்தி வைத்தேன். அவள் அழவில்லை. முடிந்ததும் இன்னொரு முறை போடச் சொன்னாள். பிறகு போனில் எழுதி என் பக்கம் திருப்பினாள்.

“அண்ணா, இதுல எங்க அம்மா பேசவே இல்ல.”

எனக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. கையால் பேசுகிற ஒருத்தியின் ஒரு கையை வெட்டி எறிந்துவிட்டு, மறு கையைப் பாதி வேகத்துக்கு இழுத்து, விரல்களைத் தேய்த்து ஒன்றாக்கி, மேலே பாட்டைப் போட்டிருந்தேன். பேசத் தெரிந்த ஒருவர் வாயைப் பொத்திப் பாட்டுப் போட்டிருந்தால் என்னை அடித்திருப்பார்கள்.

அவள் நிதானமாக எழுதிக்கொண்டே போனாள். அம்மா பள்ளிக்கூடம் போனதில்லை. அம்மாவின் கைப்பேச்சு வீட்டுக்குள்ளேயே உண்டானது. இவள் டவுனில் காது கேளாதோர் பள்ளியில் படித்தவள், கூடப் படித்தவர்கள் முப்பது நாற்பது பேர் கல்யாணத்துக்கு வருவார்கள், அவர்களுக்குப் பாதி புரியும். முழுக்கப் புரிவது இவளுக்கு மட்டும்தான். அப்படியானால் எதற்கு மண்டபத்தில் போட வேண்டும், வீட்டில் நீயே பார்த்துக்கொள்ளலாமே என்று கேட்டேன். அதற்கு அவள் எழுதிய பதிலை நான் இன்னும் அழிக்கவில்லை. “வெளிய போனா அம்மா கைய மடியில வெச்சு மூடிக்கும். பேசினா ஊர்ல சிரிப்பாங்க. ஒரு வாட்டி எல்லார் எதிர்லயும் பேசட்டும் அண்ணா.”

நான் வெட்டிய கடைசி மூன்று விநாடியையும் கேட்டாள். அது போனை நிறுத்தச் சொல்வது இல்லையாம். அவளுடைய கன்னத்தில் ஒரு மச்சம் இருக்கிறது. கையை நீட்டி அந்த மச்சத்தைத் தொட்டால் அதுதான் அவள் பேர். அம்மா போனைத் தாண்டிக் கையைக் கொண்டுவந்து அவளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறார்.

அன்றைக்கு அசல் ஃபைலை அவள் போனிலிருந்து நேராக ஒயர் போட்டு எடுத்துக்கொண்டேன். அதற்குப் பிறகு ஒரு வாரம் எனக்கு நிம்மதி இல்லை.

வீடியோவைச் சுருக்கி ஃபைலாக்குகிற என்கோடர் ஒரு மகா கஞ்சன். ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் என்ன மாறியிருக்கிறதோ அதை மட்டும் எழுதி வைத்துக்கொள்ளும், அதிலும் கண்ணுக்குத் தெரியாது என்று தான் நினைப்பதைத் தூக்கிப் போட்டுவிடும். அசையாத சுவர் அதற்குப் பிடிக்கும். மெதுவாகச் சிரிக்கிற முகம் பிடிக்கும். வேகமாக ஓடுகிற விரல்தான் தொல்லை, அங்கேதான் கைவைக்கும். இத்தனை வருடமாக நான் கொடுத்ததெல்லாம் நகை, பட்டு, முகம். விரலைப் பற்றி எனக்குக் கவலையே இருந்ததில்லை.

இருட்டான வார்டில் அந்தப் போன் வேறு தன் இஷ்டத்துக்கு எடுத்திருந்தது. ஓர் இடத்தில் விநாடிக்கு முப்பது படம், இன்னோர் இடத்தில் பதினெட்டு. என்னுடைய கல்யாண செட்டிங் இருபத்தைந்து. முப்பதை இருபத்தைந்தாக்கினால் விநாடிக்கு ஐந்து படம் உதிரும். மாலை மாற்றுவதில் ஐந்து படம் போனால் ஒருவருக்கும் தெரியாது. இங்கே ஒரு விரல் மடங்கி நிமிர்வதே நாலு படத்தில் முடிந்துவிடுகிறது. பேச்சில் ஓர் எழுத்து காணாமல் போனால் காது கண்டுபிடித்துவிடும். என் கண்ணுக்கு இதில் எது எழுத்து, எது மூச்சு என்று எப்படித் தெரியும்? தெரியாத மொழியில் ஒருவருடைய கடைசிப் பேச்சை நகல் எடுக்க உட்கார்ந்தவன் மாதிரி இருந்தேன்.

மூன்று விதமாக ரெண்டர் போட்டு, வாட்ஸ்அப் பிழியாதபடி ஃபைலாகவே அவளுக்கு அனுப்பினேன். அவள் விநாடியைக் குறித்து அனுப்பினாள். இருபத்தெட்டாவது விநாடியில் விரல் இரண்டா மூன்றா தெரியவில்லை. ஐம்பதில் கை மேலே போவது தெரிகிறது, திரும்பி வருவது தெரியவில்லை. இன்னும் இரண்டு போட்டு அனுப்பினேன். அவள் பதில் எழுதிக்கொண்டிருக்கிறாள் என்று போனில் தெரிகிற அந்த நேரம் முழுக்க எனக்குப் பரீட்சை ரிசல்ட் பார்க்கிற படபடப்பு. தேய்த்ததை, ஸ்லோ மோஷனை, பாட்டை எல்லாம் எடுத்துவிட்டேன். படம் சொரசொரப்பாக, பச்சைச் சுவரும் கட்டில் கம்பியுமாக அசிங்கமாகத்தான் இருந்தது. ஆனால் குறைகள் ஒவ்வொன்றாகக் குறைந்தன. கடைசியில், பயந்தவன் செய்கிற வேலையைச் செய்தேன். இருக்கிறதிலேயே பெரிய அளவு, இருக்கிறதிலேயே புதிய என்கோடர், விநாடிக்கு எவ்வளவு டேட்டா என்கிற பிட்ரேட்டை மேலே போகிற வரை ஏற்றிவிட்டேன். அவளுடைய போன் புதியது, அதில் வழுக்கிக்கொண்டு ஓடியது. எல்லாம் தெரிகிறது என்று எழுதினாள்.

நடுவில் மாமா போன் செய்தார். ட்ரிப்ஸை எடுத்தாச்சா என்று கேட்டார். இடது கையில்தான் ஊசி குத்தியிருந்தது. ட்ரிப்ஸை எடுத்தால் இடது கை போகும், இடது கை போனால் பாதிப் பேச்சு போகும். இதை அவரிடம் விளக்கியிருக்க வேண்டும். நான் எடுத்தாச்சுண்ணே என்றேன். பெண்ணிடம் முழுசாகப் போடுகிறேன் என்று வாக்குக் கொடுத்திருந்தேன். இரண்டு பேருக்கும் சரி சொல்வது எனக்குப் பழகிப்போன ஒன்று. அதனால் நான் பட்ட அவஸ்தைகளைச் சொன்னால் தனியாக ஒரு புத்தகம் ஆகும்.

வரவேற்பு வில்லியனூரில் ஒரு மண்டபத்தில். ஏழு மணிக்கு மேடை என்றால் நான் நாலு மணிக்கே பென் டிரைவோடு போய் நின்றேன். எல்.இ.டி. திரைக்காரர் என் வயதுக்காரர், நிதானமான ஆள். அவருடைய லேப்டாப்பில் போட்டுப் பார்த்தோம். பூ வந்தது, அம்மா வந்தார், கையைத் தூக்கினார். அப்படியே நின்றார். கை ஓர் இடத்தில் மறைந்து இன்னோர் இடத்தில் முளைத்தது. கடைசியில் கை லென்ஸை நோக்கி வந்து திரையை நிறைக்கிற இடத்தில் படம் துண்டு துண்டாக உடைந்து கறுப்பாகிவிட்டது. அந்த மூன்று விநாடி முழுக்க அசைவு, என்கோடர் எதையும் மிச்சம் பிடிக்க முடியாத இடம், பழைய லேப்டாப்புக்கு மூச்சு முட்டும் இடமும் அதுவே.

“அண்ணே, இவ்ளோ பெருசெல்லாம் இது இழுக்காதுண்ணே. நீங்க எவ்ளோ குடுத்தாலும் திரையில இருக்குற பல்பு கொஞ்சம்தான்” என்றார் திரைக்காரர்.

அது எனக்குத் தெரியாத விஷயமா? பன்னிரண்டு அடித் திரை என்று பேர்தான், அதில் இருக்கிற புள்ளிகள் ஒரு சாதாரண போனைவிடக் குறைவு. தரம் தரம் என்று பயத்தில் மலையைத் தூக்கி வைத்திருந்தேன். அந்தக் கைக்குத் தேவை பெரிய படம் இல்லை, ஒரு படமும் உதிராமல் வருவதுதான்.

ஜெனரேட்டர் பக்கத்தில் ஒரு நாற்காலியைப் போட்டுக்கொண்டு என் லேப்டாப்பைத் திறந்தேன். அளவைச் சின்னதாக்கினேன். புதிய என்கோடரை விட்டுப் பழையதற்கு வந்தேன், அதைத்தான் எந்த மிஷினும் முகம் சுளிக்காமல் ஓட்டும். விநாடிக்கு முப்பது படம், கூடவும் கூடாது குறையவும் கூடாது. பிட்ரேட்டை ஒரே மட்டத்தில் நிறுத்தினேன். எங்காவது தடுக்கினாலும் உடனே எழுந்துகொள்ளட்டும் என்று அரை விநாடிக்கு ஒரு முழுப் படம் வைக்கச் சொன்னேன். கோடு நகர்ந்தது. சுற்றி நடக்க இடமில்லாமல் நின்ற இடத்திலேயே கால் மாற்றிக்கொண்டிருந்தேன்.

புதிய ஃபைல் திரைக்காரர் லேப்டாப்பில் தடுக்காமல் ஓடியது. ஆனால் படிக்க முடிகிறதா? அதைச் சொல்ல ஒரே ஆள்தான். அந்த ஆள் அலங்கார அறையில். திரையில் ஓடியதை என் போனில் எடுத்து ஃபைலாக அனுப்பினேன். நீல டிக் விழுந்தது, பதில் இல்லை. இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு வளையலுக்கும் நகச்சாயத்துக்கும் உட்கார்ந்திருப்பாள், எப்படி எழுதுவாள் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அதற்குள் வெள்ளை வேட்டியில் மாமா வந்து நின்றார். எல்லாம் ரெடியா, ட்ரிப்ஸ் தெரியாதில்ல என்றார். தெரியாதுண்ணே என்றேன். என் காதுக்கே என் குரல் பொய்யாகக் கேட்டது. பென் டிரைவில் வெட்டின ஃபைலும் இருந்தது, முழு ஃபைலும் இருந்தது. ஆறே முக்காலுக்குப் போனில் ஒரே சொல் வந்தது. “தெரியுது.”

முழு ஃபைலைத்தான் கொடுத்தேன். தைரியம் வந்து கொடுத்ததாகச் சொல்ல மாட்டேன். மாமா திட்டுவார் என்ற பயத்தைவிட, அந்தப் பெண் மறுபடி ஒரு முறை பேசவே இல்லை என்று எழுதிக் காட்டிவிடுவாள் என்ற பயம் பெரிதாக இருந்தது.

பாட்டு இல்லாமல் திரை எரிந்ததும் மண்டபத்தில் சலசலப்பு. சவுண்டு வரலை, சவுண்டு வரலை என்று பின்னாலிருந்து யாரோ குரல் கொடுத்தார்கள். பச்சைச் சுவர், கட்டில் கம்பி, ட்ரிப்ஸ் குழாய். பன்னிரண்டு அடி உயரத்தில் அந்த அம்மா பேச ஆரம்பித்தார். இடப்பக்கம் உட்கார்ந்திருந்த பெண்ணின் தோழர்கள் முப்பது பேரும் ஒன்றாக நிமிர்ந்தார்கள். அவர்களில் ஒருவன் சிரித்தான், பக்கத்தில் இருந்தவளுக்கு விரலால் ஏதோ எடுத்துச் சொன்னான், அவளும் சிரித்தாள். அந்த அம்மா ஏதோ வேடிக்கை சொல்லியிருக்கிறார். நூறு முறை பார்த்திருக்கிறேன், அங்கே ஒரு வேடிக்கை இருந்தது எனக்குத் தெரியாது. கடைசியில் கை நீண்டு வந்து திரையை நிறைத்தது. உடையவில்லை, நிற்கவில்லை. மேடையில் பெண் கன்னத்தை லேசாக முன்னால் கொண்டுபோனாள். தோழர்கள் எல்லோரும் இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கி ஆட்டினார்கள், அவர்களுடைய கைதட்டல் அது. நான் அங்கிருந்த ஸ்பீக்கர் பெட்டிமேல் உட்கார்ந்துவிட்டேன்.

மாமா நேராக என்னிடம்தான் வந்தார். நான் எழுந்து, அண்ணே அது வந்து என்று ஆரம்பித்தேன். அவர் அதைக் கவனிக்கவில்லை. கடைசியில் கையை நீட்டினாளே அது இன்னா என்று கேட்டார். சொன்னேன். மச்சத்தைத் தொட்டால் அது பெண்ணின் பேர் என்றேன். அவர் மேடைப் பக்கம் திரும்பினார்.

“எனக்கும் எதுனா பேரு வெச்சிருப்பாளா தம்பி, எங்க அக்கா?”

இது எனக்கு எப்படித் தெரியும்? மகளைக் கொஞ்சுவது வேறு, மற்றபடி எதிரில் இருப்பவரைப் பேர் சொல்ல வேண்டியதில்லை, தோளைத் தட்டினால் போதும். ஆள் இல்லாதபோது அவரைப் பற்றிப் பேசத்தான் பேர் வேண்டும். ஐம்பது வருடம் கூடவே இருந்தும் அவர் அதைப் பார்த்திருக்க வாய்ப்பில்லை. கேள்வியைப் போனில் எழுதி அவரையும் கூட்டிக்கொண்டு, மொய்க் கவரோடு நிற்கிற வரிசையைத் தாண்டி மேடை ஏறினேன். பெண் படித்தாள், மாமாவைப் பார்த்தாள். கட்டைவிரலை உதட்டில் வைத்து எடுத்தாள்.

மாமாவின் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. “சின்ன வயசுல எனக்கு விரல் சூப்புற பழக்கம். வுடட்டும்னு விரல்ல வேப்பெண்ணெய் தடவுவாங்க. அக்காதான் யாருக்கும் தெரியாம கழுவி வுடுவா” என்றார். பிறகு, சத்தத்தைத் தாழ்த்திக்கொண்டு, இப்போது ஓடினதில் அந்தப் பேர் எங்கேயாவது வருகிறதா என்று கேட்டார்.

அவள் என் போனை வாங்கி வீடியோவை ஓடவிட்டு ஓர் இடத்தில் நிறுத்தினாள். ஒரு நிமிடம் பன்னிரண்டாவது விநாடி. ட்ரிப்ஸ் ஏறுகிற இடது கையின் கட்டைவிரல் உதட்டுக்குப் போகிறது. உடனே வலது கை ஐந்து விரலையும் குவித்து வாய்க்குக் கொண்டுபோகிறது. உதட்டைத் துடைத்துக்கொள்கிறார் என்றுதான் நான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன். அவள் எழுதிக் கொடுத்ததை நான் மாமாவுக்குச் சத்தமாகப் படித்தேன். அவன் சாப்பிட்டானான்னு தினமும் கேளு, அவனா கேட்டு வாங்கிச் சாப்பிட மாட்டான்.

மாமா போனையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் அவர் தோளைத் தட்டினாள். நிமிர்ந்ததும் ஐந்து விரலையும் குவித்து வாய்க்குக் கொண்டுபோய், புருவத்தை உயர்த்திக் கேட்டாள். காலையிலிருந்து பந்தி, பந்தல், ஜெனரேட்டர் என்று ஓடிக்கொண்டிருந்தவர், சாப்பிட்டிருக்கவில்லை. வாயைத் திறந்தவர் மூடிக்கொண்டார். அத்தனை பேர் எதிரில் இரண்டு கையையும் விரித்து, இல்லை என்றார்.